நாற்பதில் சேராத ஞாயிறு

ஒரு பெண்ணின் மனத்தை மாற்றத்தான் நான் கொழும்பிலிருந்து நாமக்கல்லுக்குப் போனேன். அந்தப் பெண் என் அக்கா ஆரோக்கியத்தின் மூத்த மகள் லூர்து மேரி. வயது பத்தொன்பது. பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருநாள் கழிந்த மறு வாரம் கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ நடத்துகிற மடமாக இருந்தால் வீட்டில் பாதிக் கவலைதான். இவள் போவதாகச் சொன்னது அடைபட்ட மடம். உள்ளே போனவர்கள் சாகும்வரை வெளியே வருவதில்லை. பெற்றவர்கள் பார்க்கப் போனாலும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அத்தான் சவரிமுத்து எனக்கு எழுதிய கடிதத்தில் நாலே வரி இருந்தது. தாய்மாமன் சொன்னால் கேட்பாள், வந்து சொல்லு என்பது அதன் சாரம். நான் கொழும்பில் ஒரு தேயிலைக் கிடங்கில் எழுத்தர். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். உலக வாழ்க்கை எவ்வளவு இனிப்பானது என்று ஒரு பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல என்னைப் போய் ஏன் பிடித்தார் என்று எனக்கு அப்போதே குழப்பம். இருந்தாலும் தாய்மாமன் என்ற பதவிக்கு ஒரு மரியாதை இருக்கிறதே. பத்து நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கப்பலையும் ரயிலையும் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் நாமக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கிய வியாழக்கிழமைக் காலையிலிருந்து தொடங்குகிறேன்.

பங்குனி வெயில். கொழும்பில் வெயில் வந்தால் கூடவே கடல் காற்றும் வரும். இங்கே வெயில் துணையில்லாமல் வருகிறது. ஊர் நடுவில் நிற்கிற அந்தப் பெரும் பாறை காலை ஒன்பது மணிக்கே காய்ந்துபோய், பக்கத்தில் நடக்கிறவர்கள் மேலெல்லாம் அனலை வீசியது. என் தொப்பியையும் கால்சட்டையையும் பார்த்து ஒருவர் ரேடியோ ரிப்பேருக்கு வந்தவரா என்று விசாரித்தார். இல்லை என்றதும் அவருக்கு என்மேல் அக்கறை போய்விட்டது.

அக்கா எனக்காக ராகிக் களியும் கடைந்த கீரையும் செய்து வைத்திருந்தாள். பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ப்பால் சொதியும் தின்று பழகிய நான் களியை மென்று கொண்டிருந்தேன். அக்காவின் இளைய மகள் செசிலி, பன்னிரண்டு வயது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். களியை மெல்லக் கூடாதாம், உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டுமாம். இதை முதல் உருண்டைக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். நான் ஆசையாகக் கொண்டுபோன மாசிக் கருவாட்டு டப்பாவை அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். பாஸ்காவுக்கு முந்தின நோன்பான தபசு காலம் நடந்துகொண்டிருந்தது. பாஸ்கா வரைக்கும் அந்த வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, சினிமா இல்லை, சத்தம் போட்டுச் சிரிப்பதுகூடக் கொஞ்சம் குறைவுதான்.

அத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் அவர் தலைமைத் தச்சர். தலையில் துண்டு, காதில் பென்சில், உடம்பெல்லாம் மரத்தூள். என்னைக் கட்டிக்கொண்டார். லூர்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையை மட்டும் நீட்டி வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். இது ஒரு மாதமாக நடக்கிறது என்று அக்கா அப்புறம் சொன்னாள். மடத்துப் பேச்சை எடுத்த நாளிலிருந்து மகளின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. அவள் வாசலுக்கு வந்தால் இவர் கொல்லைக்குப் போவார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காலையில் நான் என் வேலையைத் தொடங்கினேன். லூர்து முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணை நிமிர்த்தாமல் இருக்கிற பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்கிறாளாம். தெருவில்கூடத் தரையைப் பார்த்தேதான் நடக்கிறாள். நான் உலகம், குடும்பம், குழந்தை குட்டி என்று ஒரு மணி நேரம் பேசினேன். காலிமுகத் திடலில் மாலையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கடலைப் பார்ப்பதை எல்லாம் வர்ணித்தேன். என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது. அவள் முறத்தை வைத்துவிட்டு, மரியாதையாகக் கேட்டு முடித்து, இப்படிச் சொன்னாள்:

"சரிங்க மாமா. சேலத்துப் பொருட்காட்சியில ராத்திரி வண்ண நீரூத்துக் காட்டறாங்களாம். அதைப் பாக்கோணும். எல்லாரும் போகோணும். அப்பா, அம்மா, செசிலி, நீங்க. ஒருத்தரு கொறஞ்சாலும் நான் வல்லீங்க."

தரையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்று பழகுகிறவளுக்குப் பொருட்காட்சி எதற்கு? ஆனால் குழப்பத்தைவிட மகிழ்ச்சி பெரிதாக இருந்தது. பட்டறைக்கு ஓடிப்போய் அத்தானிடம், அவளுக்கு உலக ஆசை துளிர்த்துவிட்டது, இதைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது நம் பொறுப்பு என்று சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்தார். அந்த மாதத்தில் முதல் தடவையாக முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு அன்று அவர் வீட்டுக்கு வந்ததாக அக்கா பிற்பாடு சொன்னாள்.

அந்த நீரூற்றைப் பற்றி நாமக்கல்லில் பேசாதவர்கள் இல்லை. பொருட்காட்சி மைதானத்தின் நடுவில் ஒரு தொட்டி கட்டி, தண்ணீருக்கு அடியில் மின்சார விளக்கு வைத்து, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால், தண்ணீர் நிறம் மாறி மாறி எழும்புமாம். எத்தனை மணிக்கு என்று கேட்டதுதான் நான் செய்த தப்பு. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் இரவு ஏழு மணி என்று இருந்தது. முடிவெட்டுகிறவர் ஒன்பது என்றார். பார்த்துவிட்டு வந்த பள்ளிக்கூட வாத்தியார், பெரிய மனிதர்கள் யாராவது வந்தால்தான் விடுவார்கள், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்தான் என்றார். இன்னொருவர் அது நீரூற்றே இல்லை, வாணவேடிக்கை என்று சாதித்தார். எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று: வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு பொருட்காட்சியைப் பிரித்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை. பதினாலு ஸ்தலத்துக்கும் முழங்கால் போட்டு எழுந்ததில் என் கால்சட்டை முட்டியில் கிழிந்தது. கொழும்பில் நான் பின் வரிசையில் நின்றுகொண்டே சமாளித்துவிடுவேன். இங்கே பின் வரிசையிலும் எல்லோரும் மண்டி போடுகிறார்கள். திரும்பி வரும்போது அக்கா முட்டுக்கட்டை போட்டாள். தபசு காலத்தில் கேளிக்கை பார்க்கப் போவது பாவம். மடத்துக்குப் போகிற பெண் போகலாமா, அவளைத் தடுக்கப் போய் நாம் நரகத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். பதில் தெரியாமல் சனிக்கிழமை காலையில் அத்தானும் நானும் பங்குச் சாமியாரிடம் போனோம்.

வயதான மனிதர். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தபடியே யோசித்தார். தபசு காலம் நாற்பது நாள் என்கிறோம், விபூதிப் புதனிலிருந்து எண்ணினால் நாற்பத்தாறு வருகிறது, ஏன் தெரியுமா என்று எங்களைக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை அதில் எண்ணுவதில்லை, ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அதனால் நாற்பதில் சேராது என்றார். அப்படியானால் நாளைக்குப் போகலாமா என்றேன். நான் கணக்கைத்தான் சொன்னேன், போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை என்று பொடியை உறிஞ்சிக்கொண்டார்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஞாயிறு தபசு காலம் இல்லை என்றால் இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமையும் கறி சமைக்காமல் இருந்தோமே, அது எதற்கு? வேடிக்கைக்கு மட்டும் ஞாயிறு, சோற்றுக்கு மட்டும் தபசு என்று ஆண்டவரிடம் இரண்டு கணக்குக் காட்ட அவள் தயாராக இல்லை. போவதானால் நாளைக்கு நிஜமான ஞாயிறாக இருக்க வேண்டும். கோழி அடித்துக் குழம்பு வைத்து, சாப்பிட்டுவிட்டு, தெளிவான மனச்சாட்சியோடு போக வேண்டும். எனக்கு இது விளங்கியும் விளங்காமலும் இருந்தது. ஆனால் கோழிக் குழம்பு என்பதால் எதிர்த்துப் பேசவில்லை.

மிச்சமிருந்தது வண்டி. பஸ்ஸில் போகலாம் என்றால், அத்தானால் முடியாது. அவர் பாடி கட்டி முடித்த புது லாரியைத் திங்கட்கிழமை காலையில் சேலத்தில் ஆபீசரிடம் காட்டி நம்பர் வாங்க வேண்டும். கட்டினவர் கூட இருக்க வேண்டும். ஆகவே எல்லோருமே லாரியில் போய், காட்சி பார்த்து, சேலத்திலிருக்கும் அத்தானின் தங்கை வீட்டில் தங்கிவிடுவது என்று யோசனை. நாம் நால்வர் மட்டும் பஸ்ஸில் போவோமே என்று லூர்துவிடம் சொல்லிப் பார்த்தேன். நானும் அவளும் மட்டும் இன்றைக்கே போய் வரலாமே என்றுகூடச் சொன்னேன். வேண்டாமென்று தலையாட்டினாள். எல்லாரும் என்றால் எல்லாரும்தான்.

லாரி பட்டறை முதலாளி நாச்சிமுத்துவினுடையது. சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் போனோம். பெரிய மீசை, சின்னக் குரல். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினார். சேலம் வடக்கே இருக்கிறது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்த நாட்களில் புது வண்டியை அந்தத் திக்கில் திருப்பவே மாட்டார். திங்கள் காலையில் கிளம்பலாம் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், அதற்கப்புறம் கிளம்பினால் ஆபீசர் சாப்பிடப் போய்விடுவார். ஞாயிறே நல்லது. ஆனால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம், நாலரையிலிருந்து ஆறு ராகு. லூர்துவோ கோவிலில் குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து முடிக்கவே மூன்று மணி ஆகும். இரண்டு மதத்துக்கும் பொதுவாக எங்களுக்குக் கிடைத்தது மூன்று மணிக்கும் நாலரைக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம். கொழும்பில் நான் மின்சார பஸ் வந்தால் ஏறுவேன், வராவிட்டால் நடப்பேன். ஒரு பயணத்துக்கு இத்தனை பேரிடம் அனுமதி வாங்கவேண்டி இருந்ததில்லை.

ஞாயிறு விடிந்தது. பூசைக்குப் போனால் பீடத்துச் சுரூபங்கள் எல்லாவற்றையும் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பாஸ்கா வரை அப்படித்தான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிறு சேராது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஏன் மூடியிருக்கிறது என்று அவள் கண் கேட்டது. நான் செபப்புத்தகத்தைப் புரட்டினேன்.

இருந்தாலும் கோழி அடித்தாயிற்று. தேங்காயும் மிளகும் அரைத்து விட்டதில் வீடு முழுக்க வாசனை. ஞானோபதேசம் முடித்து லூர்து வரட்டும், எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன். மூன்று மணி சுமாருக்கு அவளும் வந்தாள், அவள் பின்னாலேயே நாச்சிமுத்துவும் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்க, கோழிங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. புது வண்டி, மொதப் பயணம். கவுச்சி தின்னுபோட்டு ஏறக்கூடாதுங்க."

அக்கா கரண்டியோடு நின்றாள். சாப்பிட்டால் லாரி இல்லை. சாப்பிடாவிட்டால் ஞாயிறு நிஜமான ஞாயிறு இல்லை. திரும்பி வந்து சாப்பிடலாமென்றால் திங்கட்கிழமை, அது நாற்பதில் சேர்ந்துவிடும். நான் ஒரு வாய் மட்டும் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். கடைசியில் அக்கா, சமைத்ததே போதும், ஆண்டவருக்கு எண்ணம் தெரியும் என்று தீர்ப்புச் சொல்லி, சட்டியை அப்படியே பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டாள். நாங்கள் மோரும் சோறும் சாப்பிட்டோம். கொழும்புக்குத் திரும்பி வந்து இத்தனை நாளாகியும் அந்தக் குழம்பின் நினைப்பு எனக்குப் போகவில்லை.

பட்டறையில் லாரி சந்தனமும் குங்குமமுமாக நின்றது. நாச்சிமுத்து பூசணிக்காய் சுற்றி உடைத்தார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அவர் தள்ளி நின்றதும் அக்கா மடியிலிருந்து தீர்த்த பாட்டிலை எடுத்து நாலு மூலையிலும் தெளித்தாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, இஞ்சின் மேலயும் கொஞ்சம் விடுங்க என்றார். மணி நாலு பத்து. முன்னால் நாச்சிமுத்து ஓட்ட, பக்கத்தில் அத்தான். பின்னால் திறந்த பாடியில் நாங்கள் நால்வர். சாக்கு விரித்துப் பக்கப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்தோம். நாலரைக்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டோம். அதற்கப்புறம் ராகு காலத்துக்கு எங்கள்மேல் அதிகாரம் கிடையாது என்று நாச்சிமுத்து முன்னாலேயே விளக்கியிருந்தார்.

வழியெல்லாம் மரவள்ளிக் காடு, நிலக்கடலை பிடுங்கின வயல், தூரத்தில் கொல்லிமலை. காற்று முகத்தில் அடித்ததும் எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. செசிலி பாடினாள். லூர்து தரையைப் பார்க்கவில்லை. அம்மாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இதோ உலகம் வேலை செய்கிறது என்று நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். ராசிபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது எழுந்திருக்க முடியவில்லை. பலகைக்கு அடித்த பச்சை பெயிண்ட் காயவே இல்லை. என் கோட்டின் முதுகில் நாலு பட்டை, அக்காவின் வெள்ளைச் சேலையில் நாலு பட்டை, பெண்கள் இருவருக்கும் அப்படியே. பெயிண்டர் நேற்றே காய்ந்துவிட்டது என்று சொன்னானே என்று அத்தான் தலையில் கை வைத்தார். நாச்சிமுத்துவுக்கோ தன் பலகை பெயிண்ட் போய்விட்டதே என்றுதான் கவலை. டீக்கடையில் மண்ணெண்ணெய் வாங்கித் துடைத்ததில் பட்டைகள் அகலமாயின.

சேலத்துக்கு முன்னால் கொண்டலாம்பட்டியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். சரக்கு லாரியில் ஆள் ஏற்றக்கூடாதாம். நாச்சிமுத்து இறங்கி, இவங்க எல்லாரும் பாடி கட்டினவங்கதான், ஆபீசருகிட்டக் காட்டக் கூட்டிட்டுப் போறனுங்க என்றார். போலீஸ்காரர் அக்காவின் முதுகைப் பார்த்தார், செசிலியின் முதுகைப் பார்த்தார். பச்சைப் பட்டையைப் பார்த்ததும் பாதி நம்பிவிட்டார். என் தொப்பியைப் பார்த்துத்தான் நம்பிக்கை போய்விட்டது. எல்லோரும் இறங்கு என்றார். லாரியை நாச்சிமுத்து பட்டறை நண்பர் ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தி அங்கேயே தங்கட்டும், அத்தான் காலையில் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும் என்று முடிவாகி, நாங்கள் ஐந்து பேரும் ஒரு குதிரை வண்டியில் அடைந்தோம். நாலு பேருக்கான வண்டி. குதிரை கொஞ்ச தூரம் யோசித்துவிட்டுத்தான் நடந்தது. அத்தானும் லூர்துவும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. அவர் வழி முழுக்கக் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மைதானத்தை அடைந்தபோது ஏழரை. ஏழு மணிக் காட்சி முடிந்துவிட்டது என்றார்கள். நோட்டீஸ் சரிதான். எட்டரைக்குக் கடைசி ஒன்று உண்டு என்றார்கள். நான் எல்லோருக்கும் முறம் அகலத்துக்கு ஒரு அப்பளம் வாங்கிக் கொடுத்தேன். மேலே மிளகாய்த்தூள் தூவியிருந்தது. கையில் பிடித்துக்கொண்டு நடப்பதே ஒரு வித்தை. காற்றுக்கு என்னுடையது பக்கத்தில் போன ஒருவர் தோளில் உடைந்தது. அவர் திரும்பிப் பார்த்து என் முதுகின் பச்சைப் பட்டையைத் தட்டிக் காட்டினார். இருவரும் பரஸ்பரம் மன்னித்துக்கொண்டோம்.

எட்டேகாலுக்கு நீரூற்றுப் பக்கம் போனால் அங்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். பெண்கள் பகுதியில் முன் வரிசையிலேயே இடம் இருந்தது. நான் அக்காவையும் பெண்களையும் அங்கே போகச் சொன்னேன். லூர்து அசையவில்லை. எல்லாரும் ஒண்ணா நிக்கோணும் மாமா என்றாள். இங்கே அப்படி முடியாது அம்மா, தண்ணீரைப் பார்ப்பதற்கு எங்கே நின்றால் என்ன என்றேன். அவள் உதடு நடுங்கியது. மடத்துப் பேச்சில் அத்தனை நாள் கலங்காத பெண் ஒரு கயிற்றுக்காக அழப் போகிறாளே என்று எனக்கு ஒன்றுமே புரியவில்லை. செசிலிதான் வழி கண்டுபிடித்தாள். கயிறு முடிகிற இடத்தில், அப்பளக் கடைக்குப் பின்னால், வேலியோரம் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தொட்டி பாதிதான் தெரியும். லூர்துவுக்கு அது போதும்.

அவளே எங்களை வரிசைப்படுத்தினாள். முதலில் அக்கா, பிறகு செசிலி, பிறகு நான். "அப்பா இங்க நிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தான் அங்கே போய் நின்று தொட்டியைப் பார்த்தார். அவள் வரிசையின் கடைசியில், ஓர் அடி முன்னால் தள்ளி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மைதானத்து விளக்குகளை அணைத்தார்கள். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. ஒலிபெருக்கி கரகரத்தது. அப்புறம் தண்ணீர் எழுந்தது. முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, பிறகு பச்சை, பிறகு இன்ன நிறமென்று சொல்லத் தெரியாத ஒரு நிறம். கொழும்பில் நான் கடலையே தினமும் பார்க்கிறவன். தண்ணீரில் எனக்கு அதிசயம் எதுவும் கிடையாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், லூர்துவைக் கவனிக்க வேண்டும், அவள் முகத்தில் என்ன மாறுதல் வருகிறதென்று பார்க்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தவன், அந்தப் பத்து நிமிஷமும் அவளை மறந்தே போனேன். விளக்குகள் மறுபடி எரிந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் அத்தானின் கையைக் கிள்ளினேன்.

அத்தானின் தங்கை வீட்டுக்கு நடந்தே போனோம். அத்தான் முன்னால், அக்காவும் செசிலியும் நடுவில், நானும் லூர்துவும் பின்னால். எப்படி இருந்தது, எந்த நிறம் பிடித்தது என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"மாமா, நானு தண்ணியப் பாக்கவே இல்லீங்க."

நான் நின்றுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து நடக்க வைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"உங்க எல்லாரு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். அந்த மடத்துல கம்பிக்கு மேல கருப்புத் துணி போட்டிருப்பாங்களாம் மாமா. வந்தா கொரலு மட்டுந்தான் கேக்குமாம். அம்மாளை, செசிலியையெல்லாம் ஊட்டுலயே பாத்துக்கிட்டேன். அப்பாதான் என்னையக் கண்டா திரும்பிக்கறாரே. பத்து நிமிசம் திரும்பாம ஒரே பக்கம் பாக்கற மாதிரி ஒரு எடம் வேணும்னுதான் கேட்டேன். செவப்பு வந்தப்ப அப்பா சின்னப் பையனாட்டம் இருந்தாரு. பச்சை வந்தப்ப வயசாயிப் போச்சு. நல்லாப் பாத்துட்டேன். உங்களுக்கு வாய் பொளந்தே இருந்துச்சு."

உலகத்தைக் காட்டி அவளை இழுத்துவிடலாம் என்று வந்தவன் நான். அவள் எதையும் அற்பமாக நினைத்து விட்டுப் போகவில்லை. எங்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறாள். துக்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எது முதலில் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அத்தான் திரும்பிப் பார்க்காமலே என்னைக் கூப்பிட்டார். நான் வேகமாக நடந்து அவர் பக்கத்தில் போனேன்.

"என்ன மாப்ள, என்ன சொல்றா? மனசு மாறிட்டாளா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், சிவப்பு, பச்சை உட்பட. அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். நான் முடித்த பிறகும் நடந்தார். பத்துப் பதினைந்து அடி போயிருப்போம். ஒரு முனையில் முனிசிபாலிட்டி விளக்குக் கம்பம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் போய் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாங்கள் வந்த பக்கமாகத் திரும்பினார்.

லூர்து அருகே வந்து, அவர் எதற்காக நிற்கிறார் என்று தெரியாமல், வழக்கம்போல ஒதுங்கி நடக்கப் பார்த்தாள்.

"பாத்துக்க, சாமி" என்றார் மகளிடம்.

அக்காவும் செசிலியும் நானும் தெருவின் மறுபக்கம் போய், பூட்டியிருந்த ஒரு கடையின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றோம்.